முழங்கால் வீங்கியதற்கு வயிற்றைக் கேட்டார்கள்

முதலில் வீங்கியது வலது முழங்கால். பிரெஞ்சு பேசும் லொங்குய் நகரில் அலுவலகத் தரை துடைப்பது என் வேலை. எங்கோ இடித்திருப்பேன் என்று நினைத்தேன். நான்கு நாளில் இடது குதிகாலை நிலத்தில் ஊன்ற முடியவில்லை. பிறகு கண் சிவந்தது.

கோட்-டெ-நெய்ஜில் உள்ள மருத்துவமனைக்கு மச்சாள் றெஜினாவைக் கூட்டிப்போனேன். என் மனைவியின் தங்கை. கார்டெறியில் (குழந்தைகள் காப்பகம்) வேலை செய்வதால் பிரெஞ்சு நன்றாகப் பேசுவாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழிலேயே அந்நியரோடு பேசக் கூச்சப்படுவேன்.

இரண்டாம் முறை போனபோது, லூபஸாக (உடலின் காப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) இருக்கலாம் என்றார் மருத்துவர். அப்படியானால் பலமான மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் எடுக்க வேண்டும். அடுத்த கிழமை (வாரம்) தொடங்கலாம் என்று எழுந்தவர், கடைசியாக ஒன்று கேட்டார். றெஜினா தமிழில் சொன்னாள்.

“அத்தான், போன மாதம் உங்களுக்கு வயித்தாலை போனதோ எண்டு கேக்கிறா.”

“இல்லை,” என்றேன்.

போயிருந்தது. எங்கள் தேவாலயப் பங்கு ஒன்றுகூடலில் கோழி வாட்டியது நான். மழை இருட்டிக்கொண்டு வந்த அவசரத்தில் ஒரு துண்டு எலும்போரம் சிவப்பாகவே இருந்தது. வேறு யார் தட்டிலாவது விழுந்தால் மானம் போகுமே என்று நானே தின்றேன். அதன்பின் ஐந்து நாள் கழிவறையே கதி. அதை மச்சாளின் வாயால் ஒரு பெண் மருத்துவரிடம் சொல்லவைப்பதா?

மெட்ரோ நிலையத்தில் படி இறங்க முடியாமல் வாங்கில் (நீள இருக்கை) உட்கார்ந்தேன். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

“றெஜினா, வீங்கினது முழங்கால். அவ ஏன் வயித்தைப் பற்றிக் கேட்டவ?”

“எனக்கென்ன தெரியும்? ஏதும் தொடர்பு இருக்குமாக்கும்.” என் முகத்தைப் பார்த்தாள். “அத்தான், போனதோ?”

நான் குனிந்து என் கால் சப்பாத்தைப் பார்த்தேன்.

“கடவுளே. நான் நாள் முழுக்கப் பிள்ளையளுக்கு நாப்பி மாத்திறவள். எனக்கு முன்னாலையோ வெக்கம்? எழும்புங்கோ, அவ வெளிக்கிட முதல் பிடிப்பம்.”

நொண்டிக்கொண்டே திரும்பினோம். மருத்துவர் வீட்டுக்குப் போக மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். றெஜினா கோழியையும் விடாமல் சொல்லி முடிக்க, அங்கியோடே உட்கார்ந்துவிட்டார். வயிற்றோட்டத்துக்கும் வீக்கத்துக்கும் இடையில் எத்தனை நாள்? மூன்று கிழமை. ஒரு தாளில் மனித உருவம் கீறி, வயிற்றிலிருந்து முழங்காலுக்கும் குதிகாலுக்கும் கண்ணுக்கும் கோடு இழுத்தார். எதிர்வினை மூட்டழற்சி (குடலில் புகுந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய காப்புச் சக்தி, அது போன பின்னும் அடங்காமல் மூட்டுகளை வீங்கவைப்பது) என்று சந்தேகிப்பதாகச் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமும் என்னை அப்படிப் பிடித்து இழுத்ததில்லை. றெஜினாவைக் கேள்விமேல் கேள்வி கேட்கவைத்தேன். லூபஸிலும் குடல் கிருமிகளுக்குப் பங்கு உண்டா? ஆய்வாளர் சிலர் தேடுகிறார்கள், இன்னும் தெரியாது என்றார்.

“வாய் திறக்காத மனிசன், இண்டைக்கு டொக்டரை வீட்டை போக விடுறாரில்லை,” என்றாள் றெஜினா.

அடுத்த இரத்தச் சோதனையில் கிருமியின் தடம் தெரிந்தது. லூபஸின் அடையாளம் இல்லை. பலமான மாத்திரை தொடங்கவேயில்லை. முழங்காலில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். வீக்கம் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்கினேன், சொன்ன பயிற்சிகளைச் செய்தேன். குணமாக எட்டு மாதம் எடுத்தது. எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை, சிலருக்குத் திரும்பவும் வரும் என்று எச்சரித்தார்கள். உங்களிடமும் வயிற்றைப் பற்றிக் கேட்டால், தயவுசெய்து மறைக்காதீர்கள்.

இப்போது எங்காவது வலித்தால் மூன்று கிழமை பின்னால் போய்க் காரணம் தேடுகிறேன். அந்த நிலையத்தின் படிகளில் ஏறும்போது, வயிறும் முழங்காலும் கண்ணும் சேர்ந்தே ஏறுவது போலிருக்கிறது.

இந்தக் கோடையிலும் கோழி வாட்டியது நான்தான். றெஜினா ஒவ்வொரு துண்டையும் எலும்புவரை பிளந்து பார்த்தாள். ஏன் என்று பங்குச் சனம் கேட்டது. அவள் வாயைத் திறக்குமுன் நானே சொன்னேன்.