மூன்றாவது வாய்க்கால்

எங்கள் பெரியப்பா சொல்லும் சண்டைக் கதையில் மூன்று வாய்க்கால்கள் வரும். முதல் வாய்க்காலில் அவருடைய வண்டியின் இன்ஜின் நடுத்தண்ணீரில் நின்றுபோகும். இரண்டாவதில் சமையல்காரரின் கோதுமை மாவு மூட்டை நனைந்து, அன்றிரவு எல்லோரும் களியைப் போல எதையோ சாப்பிடுவார்கள். மூன்றாவதில் ஒன்றும் நடக்காது. முன்னால் நடந்து போனவன் கையைத் தூக்குவான், இவர் வண்டியை வலப்பக்கம் திருப்புவார், கதை முடிந்துவிடும். அதனால் எனக்கு மூன்றாவது வாய்க்காலைப் பிடிக்கவே பிடிக்காது.

பாகிஸ்தானோடு நடந்த எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் பெரியப்பா காலாட்படையில் வண்டி ஓட்டினார். காலாட்படைக்கு எதற்கு வண்டி என்று யாராவது கேட்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். "டாங்கிக்குள்ள பீரங்கி இருக்கும். எங்க வண்டிக்குள்ள ஆளுங்க இருப்பாங்க. டாங்கி ஓடுற வேகத்துக்கு மனுசன் கூடவே ஓட முடியுமா? அதான் இரும்புப் பெட்டியில அடைச்சி பின்னாலயே இட்டுனு போறது" என்பார். அந்தப் பெட்டிக்குச் சக்கரத்துக்குப் பதில் சங்கிலிப் பட்டை. ஆழமான தண்ணீரில் அது நீந்தவும் செய்யுமாம். இறங்குவதற்கு முன்னால் அடித்தட்டில் இருக்கும் ஓட்டைகளை எல்லாம் மூடியால் திருகி அடைக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் உள்ளே இருப்பவர்கள் கதி அவ்வளவுதான்.

கல்கத்தாவில், பெஹாலாவில் நாங்கள் இருந்த தரைத்தள அறையில் மழைக்காலம் வந்தால் சாக்கடைத் தண்ணீர் குளியலறை ஓட்டை வழியாக உள்ளே ஏறும். மேகம் கறுத்ததுமே பெரியப்பா பழந்துணியைச் சுருட்டி அந்த ஓட்டையில் திணித்து, மேலே அம்மிக்கல்லை வைத்துவிட்டு, "மூடி போட்டாச்சி" என்று அறிவிப்பார். சட்னி அரைக்கக் கல் கிடைக்காமல் அம்மா முணுமுணுப்பாள்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு முதலில் வந்தவர் அவர்தான். பட்டாளத்திலிருந்து வந்தபின் கார்டன் ரீச் கப்பல் பட்டறையில் காவலாளி வேலை கிடைத்தது. பிறகு தம்பியைக் கூப்பிட்டுத் துறைமுகத்தில் சுமை ஏற்றும் வேலையில் சேர்த்துவிட்டார். அந்தத் தம்பிதான் என் அப்பா. அப்பாவுக்குப் பெயரை எழுத மட்டும் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளாத பெரியப்பாவுக்குப் பட்டாளம் கொஞ்சம் இந்தி எழுத்து கற்றுக்கொடுத்திருந்தது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். இதை இன்றைக்கும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வேன்.

அடுத்த அறையில் ஒரு மீன்காரர் இருந்தார். குழந்தைகள் எல்லோருக்கும் அவர் 'மாச் காக்கு', அதாவது மீன் சித்தப்பா. அந்தச் சண்டையின்போது கிழக்கு வங்காளத்திலிருந்து தாயின் இடுப்பில் உட்கார்ந்து எல்லையைத் தாண்டியவர். பெரியப்பா அந்த வருஷம் சண்டை போட்டவர் என்று தெரிந்த நாளிலிருந்து, அவர்தான் டாக்காவைப் பிடித்துக் கொடுத்தார் என்று காக்கு நம்பிவிட்டார். பெரியப்பா எத்தனையோ முறை எடுத்துச் சொன்னார், தான் இருந்தது பஞ்சாப் பக்கத்து எல்லை, டாக்கா இருந்த திசைக்குக்கூடத் திரும்பியதில்லை என்று. காக்கு கேட்டுக்கொள்வார், தலையை ஆட்டுவார், ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய ரூயி மீன் தலையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். வேறு யாருக்கோ சேர வேண்டிய நன்றியை நாங்கள் பல வருஷம் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.

எனக்குப் பத்து வயதானபோது பாலிகஞ்சில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் ஒரு இடம் காலியானது. யாரோ ஒரு மத்திய அரசு அதிகாரிக்கு மாற்றலாகி, அவர் மகள் போய்விட்டாள். எங்கள் தெருப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்மேல் பிரியம் கொண்டு எனக்காக விண்ணப்பம் போட்டார். ஆடி மாதம், ஒரு காலைப்பொழுது பரீட்சை. வராதவர்களுக்கு இன்னொரு நாள் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். அதை விட்டால் எங்கள் தெருப் பள்ளிக்கூடம்தான், அதுவும் அந்த வருஷத்தோடு முடிந்துவிடும். பிறகு என்ன என்று வீட்டில் யாரும் பேசவில்லை. என்னைவிட மூத்த அத்தை மகள்கள் எல்லோரும் அந்த வயதில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள்.

முதல்நாள் மாலை பிடித்த மழை விடியும்வரை நிற்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் சந்து இல்லை. படிக்கட்டின் கடைசிப் படிவரை பழுப்புத் தண்ணீர். சந்து முனையில் இருந்த கால்வாயும் சாலையும் குளமும் ஒரே பரப்பாகிவிட்டன. கால்வாயைத் தாண்டி பெரிய சாலைக்குப் போய்விட்டால் பஸ் ஓடும், அங்கே மேடு. ஆனால் கால்வாய்மேல் இருந்த சின்னப் பாலம் எந்த இடத்தில் இருக்கிறது என்றே தெரியவில்லை. அதன் கைப்பிடிச் சுவர் முந்தின வருஷமே இடிந்து விழுந்திருந்தது. அப்பா இரவு வேலைக்குப் போனவர் துறைமுகத்திலேயே மாட்டிக்கொண்டார்.

நான் அழவில்லை. சீருடை மாதிரி தைத்த நீலப் பாவாடையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அதைப் பார்க்க முடியாமல்தான் பெரியப்பா எழுந்திருக்க வேண்டும். நேராகப் போய்த் துணி காயப்போடும் மூங்கிலை உருவினார். அம்மாவின் சேலைகள் தரையில் விழுந்தன.

"மாமா, இன்னா பண்றீங்க?" என்றாள் அம்மா.

"பாப்பாவைத் தாண்ட வெக்கணும்."

"உங்களுக்கு நீச்சலே தெரியாதே."

"எங்க வண்டிதாம்மா நீந்தும். நான் இன்னாத்துக்கு நீந்தணும்?"

அன்று சந்தை இல்லாததால் காக்குவின் மூன்று சக்கர வேன் ரிக்‌ஷா சும்மா நின்றுகொண்டிருந்தது. பலகை போட்ட, மீன் கூடை ஏற்றும் வண்டி. பெரியப்பா குனிந்து சக்கரம் சக்கரமாகத் தட்டிப் பார்த்தார். பலகையின் அடியில் கையை விட்டுத் தடவினார்.

அவர்கள் இருவரும் பேசுவது பாதி இந்தி, பாதி வங்காளி. எனக்கு இன்று அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. "என்ன தேடுறீங்க, அண்ணா?" என்றார் காக்கு. "இதுக்கு மூடியும் கிடையாது, மூட ஓட்டையும் கிடையாது. நீங்க ஏறி ஓட்டுங்க, நான் பின்னாலருந்து தள்றேன். டாக்காவரைக்கும் ஓட்டினவர்தானே?"

"இன்னிக்கு நீ ஓட்டு. நான் முன்னாடி போறேன்."

"டிரைவர் நீங்களா நானா?"

"நான் முன்னாடி போறேன்" என்றார் பெரியப்பா மறுபடியும். காக்கு மீன் பெட்டியை எடுத்துவரப் போனார்.

மீன் பெட்டியைக் கவிழ்த்து, மேலே சாக்கைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். என் ஷூ, பென்சில், பரீட்சைச் சீட்டு எல்லாவற்றையும் அம்மா பால் வாங்கும் தூக்கில் போட்டு மூடி மடியில் வைத்தாள். நான் மீன் வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டேன். பெரியப்பா எனக்கு வேலை கொடுத்தார். வண்டிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்பவர்தான் கமாண்டர், டிரைவருக்குக் கண் அவர்தான். இன்றைக்கு அது நான்.

"தண்ணியப் பாக்காதே. தண்ணியப் பாத்தா பயம் வரும். முன்னாடி போறவன் கையைப் பாரு. கை மேல போனா நிறுத்தச் சொல்லு. எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம் திருப்பச் சொல்லு. புரிஞ்சுதா?"

புரிந்தது. எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. கமாண்டர் நான், டிரைவர் காக்கு. பாவம் பெரியப்பாவுக்குத்தான் ஒரு பதவியும் இல்லாமல் போய்விட்டது, வெறுமனே மூங்கிலைக் குத்திக்கொண்டு நடக்கிறார் என்று நினைத்தேன்.

புறப்பட்டோம். குழாயடிப் பள்ளம்தான் முதல் வாய்க்கால் என்று நான் முடிவு செய்தேன். சக்கரம் எதிலோ மாட்டி வண்டி நின்றது, கதையில் வருகிற மாதிரியே. காக்கு இறங்கி ஒரு உதை விட்டதும் நகர்ந்தது. குளத்தங்கரை இரண்டாவது. குளத்து மீன்கள் சாலைக்கு வந்திருந்தன. காக்குவால் தாங்க முடியவில்லை. "என் கடையில இல்லாத மீனெல்லாம் இங்க ஓடுது பார். இந்தப் பரீட்சையை நாளைக்கு வெக்கக் கூடாதா?" என்று புலம்பினார். பெரியப்பா திரும்பவில்லை. அவருடைய முதுகும், தலைக்கு மேல் அடிக்கடி எழும் வலது கையும் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. ஒரு அடி குத்துவார், காலை வைத்து அழுத்திப் பார்ப்பார், கையை அசைப்பார். நான் கத்துவேன், காக்கு மிதிப்பார்.

மூன்றாவது, கால்வாய். அங்கே அவர் ரொம்ப மெதுவானார். பாலத்தின் தொடக்கத்தை மூங்கில் கண்டுபிடித்துவிட்டது போலிருந்தது, கை முன்னால் வா என்றது. சில அடி போனோம். திடீரென்று மூங்கில் முழுசாக உள்ளே போயிற்று, பின்னாலேயே அவரும். தலைகூடத் தெரியவில்லை. ஆனால் கை மட்டும் வெளியே இருந்தது. அவர் மேலே வருவதற்கு முன்பே அது நிமிர்ந்து, விரல் விரிந்து, நில் என்றது.

"நில்லு காக்கு" என்று நான் கத்தினேன்.

வண்டி நின்றது. பெரியப்பாவின் தலை வந்தது, இருமியது. மூங்கில் குறுக்கே விழுந்து எதிலோ மாட்டியிருந்தது, அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அப்படித் தொங்கியபடியே கையை வலப்பக்கம் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வலது என்று கத்தினேன். காக்கு சிரிக்கவில்லை. வண்டியை வலப்பக்கமாகத் தள்ளிப் பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு, தோளில் கிடந்த கம்சாத் துண்டை வீசி அவரை இழுத்தார். இழுத்தபின் அவருடைய கையை விடாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல. ஒரு பள்ளம்" என்றார் பெரியப்பா. ஒரு காலில் செருப்பு இல்லை.

பரீட்சைக்கு என்னையும் சேர்த்து மூன்று பெண்கள்தான் வந்திருந்தார்கள். மற்ற இருவரும் கார் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள். நான் நன்றாகவே எழுதினேன். பிறகு தலைமை ஆசிரியை தனியாகக் கூப்பிட்டு, ஏதோ வாசனை வருகிறதே என்பதுபோல் ஜன்னலைத் திறந்துவிட்டு, இந்த வெள்ளத்தில் பெஹாலாவிலிருந்து எப்படி வந்தாய் என்று வங்காளியில் கேட்டார். நான் மூன்று வாய்க்காலையும் சொன்னேன். கமாண்டர் யார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன்.

"முன்னால் நடந்தது யார்?" என்று கேட்டார்.

"என் பெரியப்பா. அவர் நிஜத்தில் டிரைவர். இன்னிக்கு மட்டும் முன்னாடி நடந்தார்."

அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். வாசல் மரத்தடியில் ஈர வேட்டியோடு ஒற்றைச் செருப்பில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். ஆசிரியை மணியடித்து, பியூனிடம் அவருக்கு ஒரு நாற்காலியும் டீயும் கொண்டுபோகச் சொன்னார். பெரிய பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் டீ கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்தேன், கல்லூரிக்குப் போனேன், பட்டம் வாங்கினேன். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலையும், காக்குவுக்கு வேனின் மூன்று சக்கரத்துக்கும் புது டயரும் வாங்கினேன். ஒரு மீன் தலைக்குக்கூட அது ஈடாகாது என்பது எனக்குத் தெரியும். பெரியப்பாவுக்குத் தோல் செருப்பு. வருஷத்துக்கு ஒரு ஜோடி, அவர் இருந்தவரைக்கும் அது தவறவில்லை. இத்தனை செருப்பை வைத்துக்கொண்டு ஒரு ஆள் என்ன செய்வது என்று அலுத்துக்கொள்வார். ஆனால் புதுசைத்தான் போட்டுக்கொள்வார்.

அன்று திரும்பும்போது மினிபஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எனக்குக் கண் சொக்கியது. ஆனாலும் கேட்க ஒன்று பாக்கி இருந்தது.

"பெரியப்பா, உங்க மூணாவது வாய்க்கால்லயும் இதே மாதிரி வலப்பக்கம்தானே போனீங்க?"

"ஆமா கண்ணு."

"முன்னாடி போனவர் கையைத் தூக்கினாரு."

"தூக்கினான். அவன் தூக்கினதாலதான் உள்ளே இருந்த அத்தனை பேரும் தாண்டினோம்."

"அவருக்கும் செருப்பு போயிடுச்சா?"

பெரியப்பா என்னைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சாலையெல்லாம் தண்ணீர், அதில் வெயில் விழத் தொடங்கியிருந்தது.

"ஆமா கண்ணு" என்றார். "போயிடுச்சி."

மறுநாளே அவருக்கும் பட்டாளத்தில் புதுசு கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவர் தோளில் சாய்ந்து நான் தூங்கிப்போனேன்.