டீசல் தாங்கிக்குள் கிடந்த துணி

பூநகரியில் ஐஸ் கட்டி விற்கும் அக்கா, இராணுவம் ஏலத்தில் கழித்த பழைய ஜெனரேட்டரை வைத்திருந்தார். நான்தான் மெக்கானிக். அதன் டீசல் தாங்கியை நான் கழுவிப் பூட்டிய மறுநாளே, அது பத்து நிமிடம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. ஐஸுக்கு வந்த மீனவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுடைய படகு எஞ்சின்களையும் நான்தான் திருத்துகிறேன்.

"டீசலுக்குள்ள மண்ணெண்ணெய் கலந்துபோட்டியள் அக்கா!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்.

அக்கா தாங்கிக்குள் கையை விட்டார். வந்தது ஒரு துணி. முதல்நாள் துடைத்துவிட்டு நான் மறந்த சாரத்துண்டு; அதுதான் டீசல் போகும் வழியை அடைத்திருக்கிறது. யாரும் காணுமுன் அதை என் கைக்குள் திணித்தார்.

"தம்பி சொன்னது சரி. என்ர டீசலிலதான் பிழை" என்றார் மீனவர்களிடம்.

நானும் "ஓம்" என்றேன்.

டீசலில் ஒரு பிழையும் இருக்கவில்லை. இதை இன்றுதான் சொல்கிறேன்.