அறுபதாம் நம்பர் நூல் இருக்கா?

நூலகர் வேலை என்பது, கேட்ட புத்தகத்தை "வெளியே போயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, கேட்காத புத்தகத்தைத் தலையில் கட்டும் வேலை. தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னாலோ, ரேஷன் கடைத் தராசுக்குப் பின்னாலோ உட்கார்ந்து வயிறு வளர்த்தவர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எப்போதும் நியாயமாகத்தான் கேட்பார்; இந்தப் பக்கம் இருக்கிற நம் கையில்தான் ஒன்றும் இருக்காது. ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு வாடகை மாடியில் அப்படி உட்கார்ந்திருந்தேன். அந்த ஊர் எனக்கு ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்தது. எனக்கு என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நான் பட்ட பாட்டுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன்.

கோழி வளர்ப்பு

வாசலில் தொங்கிய பலகையில் "கிளை நூல் நிலையம்" என்று எழுதியிருந்தது. நான் பொறுப்பேற்ற மறுநாள் காலை, தோளில் துண்டும் கக்கத்தில் துணிப்பையுமாக ஒருவர் படியேறி வந்தார். அறுபதாம் நம்பர் நூல் இருக்கிறதா என்று கேட்டார். நான் புது ஆள். புத்தகங்களுக்கெல்லாம் நம்பர் போட்டு அடுக்கி வைத்திருந்த பெருமையில் இருந்தேன். இவ்வளவு சரியாகக் கேட்கிற வாசகர் மறுநாளே வாய்த்துவிட்டாரே என்று ஓடிப்போய், அறுபதாம் நம்பரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். அது கோழி வளர்ப்பு பற்றிய புத்தகம்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் பெயர் குப்புசாமி. நெசவாளர் தெருவில் இரண்டு தறி வைத்திருப்பவர். அவர் சொன்ன நம்பர் தறியில் நெய்கிற நூலின் ரகம்; நூல் தட்டுப்பாடான காலம் அது. பலகையைப் படித்துவிட்டு, சர்க்கார் நெசவாளர்களுக்கு நூல் டிப்போ திறந்திருக்கிறது என்று நம்பி வந்திருக்கிறார். விஷயம் விளங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

படி ஏறிய களைப்பில் பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே கிடந்த செய்தித்தாளை இழுத்துப் பார்த்தார். மார்க்கெட் நிலவரம் போடும் பக்கத்தில் அவர் விரல் நின்றுவிட்டது. நூல் கட்டின் விலை அதில் இருந்தது. இரண்டு தரம் படித்தார். தனக்கு நூல் கொடுக்கும் கடைக்காரர் சொல்லும் விலை வேறு என்று தனக்குள் முணுமுணுத்தார். எழுந்து போகும்போது ஒன்றுதான் கேட்டார்.

"இந்தப் பேப்பரு தினமும் வருமா?"

ஒரு சொட்டு வரவில்லை

எங்கள் மாடிக்குக் கீழே மிளகாய் வத்தல் மண்டி. மூட்டை அவிழ்க்கிற நாளில், "அமைதியாகப் படிக்கவும்" என்று நான் எழுதி ஒட்டிய அட்டைக்குக் கீழே ஒரு பெஞ்சு ஆட்களும் வரிசையாகத் தும்முவார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் அந்தப் பெஞ்சில் நாலு நாள் உட்கார்ந்து, தடியான ஒரு குடும்ப நாவலைத் துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். இப்படி உருக்குகிற எழுத்தை அவர் ஆயுளில் பார்த்ததில்லையாம். கடைசிப் பகுதியை வீட்டில் வைத்துத் தனியாக அழ வேண்டும் என்பதற்காகவே உறுப்பினராகச் சேர்ந்து எடுத்துப் போனார். மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார்.

"சார், கதாநாயகி செத்தே போயிட்டா. வீட்ல வச்சுப் படிச்சா ஒரு சொட்டு வரமாட்டேங்குது."

ரேகை

குப்புசாமி தினமும் வந்தார். கொஞ்ச நாளில் அவர் தெருவிலிருந்து இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கு அவரே விலையை வாசித்துச் சொல்வார். அப்புறம் துப்பறியும் நாவல்கள் எடுத்துப்போக ஆரம்பித்தார். புத்தகம் திரும்பி வரும்போது பக்கமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக விரல் தடம் இருக்கும். விசாரித்தால், அவர் மனைவி ருக்மணியின் கைவேலை. சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற கையை அரையும் குறையுமாகத் துடைத்துவிட்டு, தறியில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி அந்த அம்மாள் உரக்கப் படிப்பாராம். தறிச் சத்தத்துக்கு மேல் குரல் எழும்ப வேண்டும் என்பதால், பக்கத்து வீடுகளுக்கும் கதை இலவசம்.

சர்க்கார் புத்தகத்தைக் கெடுத்ததற்கு நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று நான் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். அதற்குள் அதே புத்தகத்தை எடுத்துப்போன போலீஸ்காரர் ஒருவர் திரும்பி வந்து என் கோபத்தைக் கெடுத்துவிட்டார்.

"துப்பறியிறவருக்கு வேலையே இல்ல சார். பக்கத்துக்குப் பக்கம் ரேகை வச்சிட்டுப் போயிருக்காய்ங்க."

வரிசை

கட்டடத்துக்குச் சொந்தக்காரரான மண்டிக்காரருக்கு மாடியும் தேவைப்பட்டது. தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஊரில் வேறு இடம் அமையவில்லை என்றால், புத்தகங்களைப் பெட்டியில் கட்டி மதுரைக்கு அனுப்பிவிட்டுப் பலகையை இறக்கிவிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே ஒரு வழி இருந்தது. குழாயடிக்குப் பக்கத்தில் நகரசபைக்கு ஒரு காலி மனை கிடந்தது. அந்த மனையையும், கட்டடச் செலவில் பாதியையும் நகரசபை கொடுத்தால் மீதி நூலக வரியிலிருந்து வரும். தீர்மானம் வரப்போகிறது என்று தெரிந்த அன்றே, அதை எதிர்க்கப்போகிறவர் யார் என்பதும் தெரிந்துவிட்டது. பூட்டுப் பட்டறை வைத்திருந்த ஒரு கவுன்சிலர். ஊரில் அவருக்குப் பூட்டுக் கவுன்சிலர் என்றே பெயர்.

அவர் நேரில் பார்க்க வந்தார். அலமாரி அலமாரியாக நின்று பார்த்தார். மூட்டை அவிழ்க்கிற நாள் என்பதால் மூன்று தரம் தும்மினார். நான் பாடம் பண்ணி வைத்திருந்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நல்ல மனிதர். தண்ணீருக்குத் திண்டுக்கல் படுகிற பாடு அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும். அன்று காலையில்கூட என் மனைவி குழாயடியில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வெறுங்குடத்தோடு வந்திருந்தாள். அதை நான் கவுன்சிலரிடம் சொல்லவில்லை. அவர் ஜன்னலுக்குப் போய்க் கீழே கையைக் காட்டினார்.

"அந்தா பாருங்க, தண்ணிக்குக் குடம் வரிசையில நிக்குது. நீங்க புத்தகத்தை வரிசையில நிறுத்தக் கட்டடம் கேக்குறீக."

இரண்டு தாள்

பொதுமக்கள் மனு ஒன்று இருந்தால் பலமாக இருக்கும் என்று நகரசபை சேர்மன் சொல்லி அனுப்பினார். "புதிய நூல் நிலையம் வேண்டி" என்று தலைப்புப் போட்டு வாசகர்களிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். வாத்தியார் கொண்டுபோன தாளில் ஏழு கையெழுத்து விழுந்தது. அதில் மூன்று அவர் வீட்டாருடையது. குப்புசாமி கொண்டுபோன தாள் இரண்டு பக்கமும் நிரம்பி, இன்னொரு தாளும் நிரம்பி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே கொண்டுபோய் நகரசபை ஆபீசில் கொடுத்துவிட்டேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் காலை, நெசவாளர் தெரு அம்மாள் ஒருவர் படியேறி வந்து, டிப்போ எப்போது திறக்கும், ஒரு தறிக்கு எத்தனை கட்டு கொடுப்பீர்கள் என்று விசாரித்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தெருவில் பாதிப்பேர் நெய்கிற நூலுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஊரை ஏமாற்றியவன் என்ற பெயரோடு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு நெசவாளர் தெருவுக்கு ஓடி, வீடு வீடாக ஏறி, நான் கேட்டது புத்தகத்துக்கு, உங்கள் நூலுக்கு இல்லை என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செய்தி சாயங்காலத்துக்குள் பூட்டுப் பட்டறை வரை போய்விட்டது. கடைசியாகக் குப்புசாமி வீட்டு வாசலில் நின்று, இப்படிச் செய்துவிட்டீர்களே என்றேன். அவர் தறியை நிறுத்தவே இல்லை.

"நான் நூல் நிலையம்னுதான் சார் சொன்னேன். அதுல பொய் இல்லையே. நீங்க போங்க, நாளைக்கு வாரேன்."

எந்த நூல்?

நகரசபைக் கூட்டத்தில் பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். குப்புசாமியைக் காணோம். பூட்டுக் கவுன்சிலர் எழுந்து தண்ணீரைப் பற்றிப் பேசினார். ஒரு வார்த்தை தப்பில்லை. நானே கவுன்சிலராக இருந்தால் அவர் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது கதவோரம் சலசலப்புக் கேட்டது. குப்புசாமியும், அவருக்குப் பின்னால் ஒரு இருபது பேரும் உள்ளே வந்து நின்றார்கள். ருக்மணி உட்பட நாலைந்து பெண்களும் இருந்தார்கள், எல்லோருக்கும் சாயக்கை. கவுன்சிலர் மனுவை உயர்த்திப் பிடித்தார். இதில் பாதிக் கையெழுத்துத் தெரியாமல் போட்டது என்றார். பிறகு நேராக அவர்களைப் பார்த்து, நீங்கள் கேட்டது எந்த நூல் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

குப்புசாமி மறைக்கவில்லை. நெய்கிற நூல் என்று நினைத்துத்தான் பலர் போட்டார்கள், நேற்று சார் வந்து சொல்லித்தான் தெரிந்தது என்றார். ராத்திரி தெருவே கூடிப் பேசியதாம். தாமும் ஒரு நாள் இதேபோல ஏமாந்துதான் அந்தப் படி ஏறியதாகவும், அன்றைக்கு ஏறியதிலிருந்து தெருவில் ஒருத்தர்கூட விலை தெரியாமல் நூல் வாங்குவதில்லை என்றும் சொன்னார். கையெழுத்தைத் திரும்ப வாங்க யாரும் வரவில்லை என்றார். அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நூலு கடையில இருக்குங்க. நூலோட வெலை அந்த மாடியிலதான இருக்கு."

மேஜைகளைத் தட்டுகிற சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சேர்மன்கூடச் சிரித்துவிட்டார். பூட்டுக் கவுன்சிலர் உட்காரவில்லை. மனுவை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். தண்ணீரை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார் பாருங்கள், அதை இன்றைக்கு நினைத்தாலும் எழுந்து நின்று கும்பிடத் தோன்றுகிறது.

"கட்டடம் கட்டத் தண்ணி வேணும். அதுக்கு மனைக்குள்ள குழாய் போடுவீக. கட்டி முடிச்சபெறகு அந்தக் குழாயப் பிடுங்காம சனங்களுக்கு விடணும். சம்மதம்னா என் கையும் சேத்து எண்ணிக்குங்க."

பூட்டு

தீர்மானம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. அதைக் கேட்டு மண்டிக்காரரே மனம் இளகி, கட்டி முடிகிற வரை மாடியில் இருந்துகொள்ளச் சொன்னார். வத்தல் மட்டும் கடைசி நாள் வரை இளகவில்லை. கட்டடம் எழும்பியது. காற்றோட்டமான ஒரு பெரிய அறை, சுற்றிலும் ஜன்னல், யாரும் தும்மாத பெஞ்சுகள். வெளியே புதுக் குழாயில் ஒரு வரிசை, பழைய குழாயில் ஒரு வரிசை. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் உள்ளே வந்து வாரப் பத்திரிகை புரட்டினார்கள். என் மனைவியும் அதில் ஒருத்தி. திறப்பு விழாவுக்குக் கத்தரித்த ரிப்பன், குப்புசாமி தறியில் அறுபதாம் நம்பர் நூலில் நெய்தது. எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

விழா முடிந்ததும் பூட்டுக் கவுன்சிலர் ஒரு துணிப்பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். உள்ளே தேங்காய் கனத்துக்கு ஒரு பித்தளைப் பூட்டு, அவர் பட்டறையில் செய்தது. நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நம்ம பூட்டு எந்தக் கதவுல தொங்குனாலும் எனக்குப் பெருமைதான். இந்தக் கதவுல மட்டும் பகல்ல தொங்குறதப் பாத்தேன்னா, திரும்ப வாங்கிட்டுப் போயிருவேன்."

பலகை

புதுப் பலகை எழுதும்போது, இனி யாருக்கும் குழப்பம் வேண்டாம், "புத்தக நிலையம்" என்று எழுதிவிடலாம் என்றேன். குப்புசாமி ஒத்துக்கொள்ளவே இல்லை. பழைய பலகையில் மட்டும் அப்படி எழுதியிருந்தால் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன் என்றார். பழைய பெயரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தார். கக்கத்தில் துணிப்பை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, "ஏனுங்க, இங்க அறுபதாம் நம்பர் நூலு கெடைக்குங்களா?" என்றார். என் கை பழக்கத்தில் கோழி வளர்ப்பின் பக்கம் போயிற்று. அதற்குள் பெஞ்சில் செய்தித்தாளோடு இருந்த குப்புசாமி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

"இங்க கெடைக்காதுண்ணே. வாங்க, உக்காருங்க. அது என்ன வெலைன்னு மொதல்ல பாப்போம்."

ஒரு முழம் நூல்கூடக் கைவசம் இல்லாமல் நூல் கடை நடத்தி, அதற்குச் சொந்தக் கட்டடமும் வாசலில் குழாயும் வாங்கிய ஒரே ஆள் திண்டுக்கல்லில் நானாகத்தான் இருப்பேன்.