கலியனுக்குப் போட்ட இலை

என் அண்ணன் கொளஞ்சியப்பனுக்கு மூணு பிள்ளைகள். நடுப்பிள்ளை வெண்மதி. பிறந்தப்போ கலியன் என்று பேர் வைத்தார்கள். பத்தொன்பது வயசில், தான் பெண் என்று சொன்னாள். அண்ணன் அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டு, கலியன் செத்துப்போனான் என்று ஊருக்குச் சொன்னார். பதினாறாம் நாள் கருமாதி செய்து போட்டோவுக்கு மாலையும் போட்டார். உசுரோடு இருக்கிற பிள்ளைக்குக் கருமாதி. அந்தப் பந்தியில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

எங்கள் வகையறாவில் போகியன்றைக்கு உச்சிவேளையில் செத்தவர்களுக்குப் படைப்போம். ஆளுக்கொரு இலை. அந்த வீட்டில் பிறந்த பெண்தான் பேர் சொல்லி மூணு தரம் கூப்பிட வேண்டும். ஒன்பது வருஷம் "கலியா, வந்து சாப்பிட்டுப் போ" என்று கூப்பிட்டது என் வாய்தான். மாடியில் வைத்தால் மற்றவர்கள் சோற்றைக் காக்கை தின்னும். கலியன் சோற்றை ஒரு தரமும் தொட்டதில்லை.

வெண்மதி பண்ருட்டியில் திருநங்கைகளோடு இருந்து முந்திரி உடைத்தாள். பிறகு நெய்வேலிக்கே வந்து மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாள். கரியை ஏற்றிக்கொண்டு ஓடுகிற பெல்ட்டிலிருந்து சிந்துவதை வாரிப்போடுகிற வேலை. கூட வேலை செய்கிறவர்கள் வெண்மதி அக்கா என்றார்கள். சொந்தக்காரர்கள் நாங்கள்தான் "அது வந்துச்சாம், அது போச்சாம்" என்று பேசினோம்.

போன வருஷ மார்கழியில் என்னைத் தேடி வந்தாள்.

"அத்தை, போகிக்குப் போகி என்னைக் கூப்புடுறீங்களா?"

"யாரு சொன்னா?"

"கேக்குது. மைன்ஸ் பள்ளத்துக்குள்ளருந்து, உங்க குரலு."

மைன்ஸுக்காக எடுத்துக்கொண்ட எங்கள் பழைய ஊர் இருந்த இடம் அந்தப் பள்ளம்தான்.

"மைன்ஸுக்கு வந்த மொத வருசம் அந்தக் குரலுக்கு ரெண்டு எட்டு நடந்தேன். கால் தானாப் போவுது. போன போகிக்கு ஓடிக்கினு இருக்கிற பெல்ட்டுகிட்டயே போயிட்டேன். கூட வேல செய்யிற திலகவதிதான் சட்டையைப் புடிச்சி இழுத்தா. இந்த வருசம் அவளுக்கு வேற ஷிப்ட்டு."

"லீவு போடேன்டி."

"கேட்டேன். நீதான் செத்தவளாச்சே, ஒனக்கு எதுக்கு லீவுன்றாரு சூப்பர்வைசர்."

அண்ணன் அதற்கு முந்தியே செத்துப்போயிருந்தார். அண்ணி ருக்குமணியிடம் போய், அந்த இலையை விட்டுவிடுங்கள் என்றேன்.

"உங்க அண்ணன் சொன்ன வார்த்தை. இலை போடலன்னா அவரு சொன்னது பொய்யாயிடும்."

"புள்ள உசுரு, அண்ணி."



போகியன்றைக்கு அந்த இலையும் விழுந்தது. கூப்பிடு என்றார்கள். மாட்டேன் என்று வாசல்படியில் போய் நின்றுகொண்டேன்.

முறை இல்லையென்றாலும், எனக்குப் பின்னால் அண்ணியே கூப்பிட்டார்கள். "கலியா."

மதில்மேல் கத்திக்கொண்டிருந்த காக்கைகள் நிறுத்திவிட்டன.

"கலியா."

திரும்பிப் பார்த்தேன். சொம்புத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணி போட்டோவையே பார்த்தபடி நின்றார்கள். மூணாவது தரம் பக்கத்தில் இருந்தால்கூடக் கேட்காது; உதடு அசைந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"வெண்மதி, அங்கயே நில்லும்மா."

ஷிப்ட் முடிந்து கரி அப்பின சட்டையோடு நேராக அந்த வீட்டுக்கு வந்தாள். பத்து வருஷத்தில் அன்றைக்குத்தான் வாசல்படி ஏறினாள்.

"அம்மா குரலு. ரெண்டு தரம் பழைய பேரு. கைய பெல்ட்டு மேல நீட்டிட்டேன். மூணாவது தரம் என் பேரைச் சொல்லி நில்லுன்னுச்சி. நின்னுட்டேன்."

"நான் வாய்க்குள்ளதான சொன்னேன்," என்றார்கள் அண்ணி.

"காதுகிட்ட கேட்டுச்சிம்மா."

அண்ணி கலியன் இலையைச் சுருட்டி எடுத்து, அந்த இடத்தைத் துடைத்து, மகளுக்கு வேறு இலை போட்டார்கள். போட்டோவையும் கழற்றிவிட்டார்கள்.

இந்தப் போகிக்கு ஒரு இலை குறைவு. அந்தப் பேரை நானும் சொல்லவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. அப்படியும் உச்சியில் பள்ளத்துக்குள்ளிருந்து கலியா என்று கேட்டதாம்.

"யாருடி?"

"அப்பா," என்றாள். "நான் திரும்பல அத்தை. அந்தப் பேர்ல அங்க யாரும் இல்லியே."