கல்லுமலைத் தோட்டத்து இறக்கை

பதுளை பஸாரில் இரும்புக் கடை வைத்திருந்தவரின் மகள் நளீரா. ஆகாய விமானங்களின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கி வந்தபோது, அது எதற்கு உதவும் என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. கடைசியில் நகரத்துச் சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. அங்கே விமானத்தின் புகைப்படம்கூட இல்லை. பானைகளையும் வாள்களையும் தூசு தட்டியே பதினொரு வருஷம் ஓடியது.

பிறகுதான் ஹாலிஎலைக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்தில், மூடிக் கிடந்த தேயிலை ஃபேக்டரியின் மாடியில், ஒரு விமான இறக்கையைக் கண்டாள். மெல்லிய மரச் சட்டம், பித்தளை ஆணிகள், ஓரத்தில் ஒட்டியிருந்த துணிக் கந்தல். கொழுந்து வாட்டும் தட்டு என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தானே செய்த விமானத்தின் இறக்கை அது. அவர் தம்பிக்கு எழுதிய கடிதம் ஒன்றையும் நளீரா தேடிப் பிடித்தாள். ஆட்கள் கயிறு கட்டிச் சரிவில் இழுத்தார்களாம். விமானம் கொஞ்சம் எழும்பிக் கவிழ்ந்ததாம். துரைக்குக் கையில் காயம். 'ஒரு கூலி இறந்தான்.' அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

இறந்த அந்த ஆளின் பெயர் தெரியாமல் இறக்கையைக் காட்சிக்கு வைக்கமாட்டேன் என்று நின்றாள் நளீரா.

"மொதல்ல கொண்டு வந்து வைங்க மிஸ். பேரப் பொறகு எழுதலாந்தானே," என்றார் அலுவலக உதவியாளர் நிஸாம்.

அவள் கேட்கவில்லை. தினமும் வேலைக்கு ஆளெண்ணும் தோட்டத்துப் பெரட்டுப் பதிவேடுகளைப் புரட்டினாள். அந்தக் காலத்து ஏடுகளைக் கரையான் தின்றிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். கொழுந்து பறிக்கும் மாரியாயி மட்டும் ஏதோ கேள்விப்பட்டிருந்தாள்.

"எங்க வழியில ஒருத்தரு மிசின் கவுந்து செத்தாருன்னு சொல்லுவாங்க மிஸ். பேரு தெரியாதுங்க. எங்கள யாரு எழுதி வச்சா?"

"பொதச்ச எடமாவது?"

"அங்கன இப்ப தேயில நிக்குது."

நான்கு வருஷம் இப்படியே போனது. இறக்கை மாடியிலேயே கிடந்தது.

போன நவம்பர் மழையில் மலை சரிந்தது. ஃபேக்டரியோடு கீழே இருந்த லயமும் மண்ணுக்குள் போனது. ஏழு பேர். அவர்களில் மாரியாயியும் ஒருத்தி.

பாதை திறந்த அன்று நளீரா நிஸாமோடு வேனில் போனாள். பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு நடுவே மாரியாயியின் மகள் விஜயலெட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மிஸ்," என்று எழுந்து நின்றாள். "ஒங்க எறக்கையும் போயிருச்சுங்களே."

நளீரா அவளை உட்கார வைத்தாள். "அதப் பேசாதீங்க, தங்கச்சி," என்றாள்.

"அம்மா ஒங்களுக்காக எல்லார்கிட்டயும் விசாரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. கொஸ்லந்தயில சொந்தக்காரங்ககிட்டகூடக் கேட்டுச்சு. ஒண்ணும் அகப்படல."

இரண்டு பேரும் பிள்ளைகள் உட்காரும் நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மறுபடி தூறல் விழுந்தது.

திரும்பும் வழியில், அன்றே இறக்கையை இறக்கிக் கொண்டு வந்திருந்தால் அந்த ஒன்றாவது மிஞ்சியிருக்கும் என்று நிஸாம் சொல்வார் என எதிர்பார்த்தாள். அவரோ சரிந்து கிடந்த மண்ணைச் சுற்றி வேனைத் திருப்புவதிலேயே கவனமாக இருந்தார்.

தை மாதம் அருங்காட்சியகத்தை மூடி, அதற்குள் நிவாரண அரிசி மூட்டைகளை அடுக்கினார்கள். நளீராவை வேறொரு அலுவலகத்தில் தபால் பிரிக்கப் போட்டார்கள். இறந்தவனின் பெயர் அங்கேயாவது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு, துரையின் கடிதப் பிரதியைக் கொழும்பு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பி வைத்தாள். இன்றுவரை பதில் வரவில்லை.