ஏரிதானே என்றார்கள்

'ஏரிதானே' என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் உச்சந்தலை சூடாகிறது. கடலிலேயே பிறந்து வளர்ந்தவன் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன். வேட்டி நுனி நனையாமல் கரையில் நிற்கிறவர்கள் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

எங்கள் ஏரி பூதலூர்ப் பக்கம். இந்தக் கரையில் நின்றால் எதிர்க்கரையில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. அதில் மீன் பிடிக்கும் உரிமை எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு. நானும் என் வீட்டுக்காரரும் அதில் உறுப்பினர்கள். நான் பி.காம். படித்தவள். தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்க வைத்தார்கள். அதற்கு வலையே மேல் என்று வந்துவிட்டேன். யாரும் பாவப்பட வேண்டாம்.

படகு வருவதற்கு முன்னால் தெர்மாகோல் அட்டைகளைச் சாக்கில் திணித்துக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்துதான் வலை போட்டோம். ஓர் ஆடி மாதம் காற்று அதைப் புரட்டிப்போட்டது. தண்ணீரில் விழுந்த என் வீட்டுக்காரரின் முழங்கால், தண்ணீருக்கடியில் இருந்த கருவேலங்கட்டையில் மோதிப் பிளந்தது. தையல் பிரித்த பிறகும் அந்தக் கால் சரியாக மடங்கவில்லை. நன்றாக நீந்தத் தெரிந்த மனிதர், இப்போது தண்ணீரில் விழுந்தால் ஒரு காலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? இந்தக் கேள்வியோடுதான் நான் தினமும் அவருடன் ஏரிக்குப் போகிறேன்.

அந்தக் கட்டைகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஏரிக்குள்ளேயே கருவேலமரம் வளர்த்தார்கள். பிறகு ஏலம் விட்டு வெட்டினார்கள். மரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போன மகராசர்கள் அடிக்கட்டைகளை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். கோடையில் அவை கண்ணுக்குத் தெரியும். ஐப்பசியில் ஆழத்துக்குப் போய்விடும். ஆடியில், மேட்டூர்த் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து ஏரி பாதி நிறைந்திருக்கும்போது, தண்ணீருக்கு ஒரு சாண் கீழே கூர்மையாக நிற்கும். மேல்காற்று பேயாய் அடிப்பதும் அதே ஆடியில்தான்.

அரசு மானியத்தில் சங்கத்துக்கு ஒரு படகு வாங்கலாம் என்று வந்தபோது கூட்டம் போட்டார்கள். ஃபைபரா, அலுமினியமா என்று பேச்சு. சங்கத் தலைவருக்கு முதலிலிருந்தே ஃபைபர்மேல்தான் கண்.

"கடலுக்கே ஃபைபர்தான் போவுது. ஏரிதானே, இதுக்குப் பத்தாதா?" என்றார். "அலுமினியம்லாம் பாக்கறதுக்கு அண்டா மாதிரி இருக்கும்."

நான் எழுந்து நின்றேன். அலுமினியத்திலும் குறை உண்டு, அதை நான் மறைக்கவில்லை. எடை குறைவு, காற்று அதை இஷ்டத்துக்குத் தள்ளும். வெயிலில் கொதிக்கும். துடுப்பு பட்டால் எழும் சத்தத்தில் மீன் ஓடிவிடும். ஃபைபர் கனமாகத் தண்ணீரில் உட்காரும், அலையை நன்றாகவே வாங்கும். ஆனால் கட்டையில் மோதினால் அலுமினியம் நசுங்கும், ஃபைபர் பிளக்கும். நசுங்கிய படகில் வீட்டுக்கு வரலாம். இதைத்தான் சொன்னேன்.

"கட்டையெல்லாம் வெட்டியாச்சும்மா," என்றார் தலைவர்.

"வெட்டுனதாலதாங்க கட்டை. வெட்டலைன்னா அது மரம்."

கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டு ஃபைபருக்கே கை தூக்கியது. கை தூக்கியவர்களில் பாதிப் பேர் ஏரியில் இறங்கி நான் பார்த்ததே இல்லை.

வாங்குவதற்கு நாகப்பட்டினம் போன வேனில் நானும் பிடிவாதமாக ஏறிக்கொண்டேன். படகு செய்கிறவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "அடியில மணலா, கட்டை கல்லு எதுனா இருக்கா?" என்பதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர், "ஏரிதானேங்க, வெறும் சேறு," என்றார். அப்புறம் நீலமா பச்சையா என்று நிறம் பார்க்கப் போய்விட்டார். நிறம் பார்ப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் கால்வாசியை அந்தக் கேள்விக்குக் கொடுத்திருக்கலாம்.

படகு வந்து இறங்கிய நாளில் பூஜை. படகின் மூக்கில் மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் நிறைவாக இருந்தது. தலைவர் தேங்காயைக் கற்பூரம் காட்டிச் சுற்றி, படகுக்கு முன்னால் ஓங்கித் தரையில் அடித்தார். ஏரிக்கரைச் சேறு. தேங்காய் பொதக்கென்று அரை அடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தோண்டி எடுத்துக் கழுவி மறுபடி அடித்தார். மறுபடியும் உள்ளே போய்விட்டது. கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. உடையாத தேங்காய் அபசகுனம் அல்லவா! முகம் கறுத்த தலைவர், மூன்றாவது தடவை அதைத் தூக்கிப் படகின் மூக்கிலேயே ஓங்கி அடித்தார். தேங்காய் உடைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். அடி விழுந்த இடத்தில் சிலந்தி வலைபோல் மெல்லிய விரிசல், கீழ்நோக்கி ஓடியிருந்தது.

"இங்க விட்டிருக்குங்க. இதைச் சரி பண்ணிட்டுத்தான் தண்ணியில இறக்கணும்," என்றேன்.

"நல்ல நேரத்துல வாய வைக்காதம்மா," என்றார் தலைவர். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "அதுமேல கொஞ்சம் சந்தனம் வைப்பா," என்றார்.

வைத்தார்கள். அழகாக, விரிசல் தெரியாமல், குங்குமப் பொட்டோடு வைத்தார்கள்.

ஆடி பிறந்த கொஞ்ச நாளில், காலையில் நானும் என் வீட்டுக்காரரும் வலை எடுக்கப் போயிருந்தோம். நடு ஏரியில் இருக்கும்போது காற்று எழுந்தது. கடல் அலைபோல் நீளமாக வராது ஏரி அலை. குட்டையாக, அடுத்தடுத்து, மூச்சு விட விடாமல் வரும். படகு கிழக்கே தள்ளிக்கொண்டு போய், மூக்கு ஒரு தரம் எழுந்து இறங்கியது. இறங்கிய இடத்தில் கட்டை. சந்தனம் வைத்த இடத்திலிருந்து அடிவரை பிளந்து தண்ணீர் உள்ளே வந்தது.

அவர் துடுப்பை விடவில்லை. நான் சேலையைச் சுருட்டிப் பிளவில் திணித்து, ஒரு காலால் அதை மிதித்துக்கொண்டு, மீன் கூடையில் கிடந்த பிளாஸ்டிக் வாளியால் தண்ணீரை இறைத்தேன். உள்பாவாடையோடு நிற்கிறோமே என்ற வெட்கமெல்லாம் அப்போது வரவில்லை. அவருடைய மடங்காத காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அந்த முழங்காலைத் தொட்டபோது கோரைப்புல் கரை வந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி திட்டினேன். தலைவருக்குச் சேதி போனது. அவரிடமிருந்து வந்த பதில்: "பொம்பள ஏறுன படகு, வேற எப்படி இருக்கும்?"

நாகப்பட்டினத்திலிருந்து ஆள் வந்து ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். அதே ஆடியிலேயே மானியப் படகைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். தலைவர் மடிப்புக் கலையாத சட்டையில் வந்து ஒட்டின்மேல் புதுச் சந்தனம் வைத்தார். போட்டோ எடுப்பவர், "தலைவர் படகுல ஏறி, ஒரு ரவுண்டு போனா நல்லா இருக்கும்," என்றார்.

நான் கயிற்றைப் பிடித்துப் படகைக் கரையோடு நெருக்கி நிறுத்தினேன்.

"ஏறுங்க தலைவரே," என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். ஒட்டைப் பார்த்தார்.

"காத்து ஜாஸ்தியா இருக்கேம்மா."

"ஏறுங்க. ஏரிதானே."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கரையில் நின்றபடியே படகின் மூக்கில் கை வைத்துக்கொள்ள, போட்டோ எடுத்தார்கள். மறுநாள் காலையும் அதே காற்றுதான். ஒட்டுப் போட்ட அந்தப் படகில் என் வீட்டுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முதலில் ஏறினார், நான் வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன்.