குடிக்காதவனின் நாக்கு

எனக்கு முதலில் போனது காலும் இல்லை, கையும் இல்லை. நாக்கு.

முடிச்சூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் நான் வாட்ச்மேனாக இருந்தேன். ஒரு நாள் காலை மூன்றாவது மாடி அம்மாவை இன்டர்காமில் கூப்பிட்டு, "சிலிண்டர் வந்திருக்கும்மா" என்றேன். "யாரு பேசறது?" என்று கேட்டார். "வாட்ச்மேன்மா" என்றேன். "எந்த வாட்ச்மேன்?" என்றார். வருடக்கணக்காக என் குரலைத் தினமும் கேட்டவர் அவர். எனக்கே வாயில் ஒரு வெல்லக்கட்டியை ஒதுக்கி வைத்துக்கொண்டு பேசுவதுபோலத்தான் இருந்தது. பல் ஏதோ ஆடுகிறது என்று நினைத்து விரலை விட்டு ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். எல்லாம் கெட்டியாக இருந்தன.

நான் சொல்வதை என் மனைவி கன்னியம்மா புரிந்துகொண்டு திருப்பிச் சொல்கிறாள். அஸ்தினாபுரம் எஸ்தர் டீச்சர் எழுதுகிறார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாக்கோ கையோ இப்படி இழுத்துக்கொண்டு, என்ன நோய் என்றே தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். வயசு அப்படி.

என் குரலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வாட்ச்மேன் ஆவதற்கு முன்னால் நான் எலக்ட்ரிக் ரயிலில் கொய்யாப்பழம் விற்றவன். தாம்பரத்தில் கூடையோடு ஏறுவேன். ஏறியதும் கூவக் கூடாது. வண்டி கிளம்பி, அதன் இரைச்சல் ஒரே சீராக வந்த பிறகு, அதற்கு ஒரு சாண் மேலே குரலை வைக்க வேண்டும். கத்தினால் யாரும் திரும்ப மாட்டார்கள். சரியான உயரத்தில் வைத்தால் தூங்குகிறவனும் கண்ணைத் திறப்பான். வேலை முடிந்து அசந்து தூங்கும் பெண்கள் சிலர், கண்டக்டர் விசில் மாதிரி என் குரலை வைத்திருந்தார்கள். நான் அந்தப் பெட்டியில் கூவினால் பல்லாவரம் வந்துவிட்டது என்று எழுந்துகொள்வார்கள். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். பல்லாவரத்தில் இறங்க வேண்டிய ஒரு அக்கா பரங்கிமலை வரைக்கும் போய்விட்டு, மறுநாள் என்னைப் பிடித்துத் திட்டினார். அப்புறம் முழங்கால் தேய்ந்து கூடை தூக்க முடியாமல் போனது. கேட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

வெள்ளம் வந்தபோது அந்தக் குடியிருப்பை எழுப்பியதும் இந்தக் குரல்தான். பார்க்கிங்கில் தண்ணீர் இடுப்பளவு ஏறிக்கொண்டிருந்தது. கரன்ட் இல்லை, இன்டர்காம் இல்லை. கீழே நின்றபடி கத்தினேன். தரைத்தளத்தில் இருந்த செக்ரட்டரி சார் தன் வயதான அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். செக்ரட்டரி என்றால் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பெயர் வேண்டாம். தண்ணீர் வடிந்ததும் என் தோளில் கை போட்டு, "ஏகாம்பரம், உன் தொண்டைதான்யா எங்கம்மாவைக் காப்பாத்துச்சு" என்றார்.

அதே மனிதர்தான்.

நாக்கு குழறத் தொடங்கிய அந்த வருடம் சுதந்திர தினத்துக்குப் பார்க்கிங்கில் கொடியேற்றினார்கள். எல்லா வீட்டுக்காரர்களும் நின்றார்கள். "மேல இருக்கறவங்களக் கூப்பிடு" என்று செக்ரட்டரி சொன்னார். நான் குரல் கொடுத்தேன். வார்த்தை வழுக்கிக்கொண்டு போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். உடனே எனக்கும் சிரிப்பு வந்தது, நிற்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, மனசில் துளி சிரிப்பு இல்லை, வாய் மட்டும் சிரிக்கிறது. ஒரு கால் வேறு தடுமாறியது.

"காலையிலேயே போட்டுட்டு வந்துட்டியா?" என்றார் செக்ரட்டரி.

"இல்ல சார்" என்றேன். அது எனக்கே வேறு என்னவோ மாதிரிக் கேட்டது.

"நாக்கு குழறுது, காலு தள்ளாடுது, இளிப்பு வேற. கொடி ஏத்தற நாள்ல! லேடீஸ், குழந்தைங்க இருக்கற இடம்யா இது. சாவிய வெச்சுட்டுக் கிளம்பு."

வெள்ளத்தில் எழுப்பப்பட்ட அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடி அம்மா கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாராயத்தைக் கையால் தொட்டதில்லை. அந்த வாடை அடித்தால் ரயிலில் அடுத்த பெட்டிக்கு மாறிவிடுவேன்.

பெருங்களத்தூரில் எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. கன்னியம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

"யோவ், வாயத் தொற."

திறந்தேன். மோந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. அப்படியும் விடவில்லை.

"வாடை தெரியக் கூடாதுன்னு பாக்கு கீக்கு போட்டுகினியா?"

அந்த அவமானத்தையும் நான் செக்ரட்டரி கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

நோய் என்னவென்று தெரிய வெகுநாள் ஆனது. ஒரு டாக்டர் தொண்டையில் புண் என்றார். இன்னொருவர் லேசான பக்கவாதம் என்று மாத்திரை கொடுத்தார். கடைசியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கு சும்மா கிடக்கும்போதே அதன் மேல்தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல் துடித்தது. இ.எம்.ஜி. (தசைக்குள் மெல்லிய ஊசி போட்டு அதன் மின்னோட்டத்தைப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள்.

"ஐயா, இது ஏ.எல்.எஸ்." என்றார். (மூளையிலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய்.) "குணப்படுத்தற மருந்து இன்னும் வரல. கொஞ்சம் மெதுவாக்கலாம். பேச்சு போகும், முழுங்கறது கஷ்டமாகும். அப்புறம் கை, கால், மூச்சு. புத்தி பெரும்பாலும் தெளிவா இருக்கும். நீங்க சொன்ன அந்தச் சிரிப்பும் இதனாலதான்."

"குடிச்சா வருமா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"குடிச்ச மாதிரி தெரியுமா?"

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியும். நிறைய பேரை அப்படித்தான் தப்பா நினைச்சுடறாங்க."

கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அந்த நேரத்தில் மனிதனுக்குச் சாவு நினைவுக்கு வரும் என்பார்கள். எனக்கு செக்ரட்டரி முகம்தான் வந்தது. பேச்சு முழுதாகப் போவதற்குள், அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். "நான் குடிக்கல சார், இது நோய், எல்லார் முன்னாடியும் சொன்னத எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்குங்க." அவ்வளவுதான். அதற்கு மட்டும் குரல் இருந்தால் போதும்.

அந்த டாக்டரம்மாதான் எஸ்தர் டீச்சரைப் பற்றிச் சொன்னார். டீச்சரின் கணவருக்கு இதே நோய். அவர் இறந்த பிறகும் இந்த நோய்க்காரர்களுக்கு உதவுவதை டீச்சர் நிறுத்தவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச்சின் பக்கத்து ஹாலில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் மாதிரி ஆட்களைக் கூட்டுவார். அங்கே ஒரு சட்டம் உண்டு. யாருடைய வாக்கியத்தையும் இன்னொருவர் முடித்து வைக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும்.

முதல் நாள் ஊரப்பாக்கம் பாஸ்கர் என்னை வரவேற்றார். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர், இப்போது சக்கர நாற்காலி. கண் மட்டும்தான் அசையும். எழுத்துகள் எழுதிய பிளாஸ்டிக் தகட்டை அவர் அக்கா முகத்துக்கு நேரே பிடிப்பார், பாஸ்கர் ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பார். எல்லோரும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். எனக்குக் கொடுத்த டீ ஆறி ஏடு கட்டியபோது அந்த வாக்கியம் முடிந்தது.

"வாங்க அண்ணா. இங்க டீ மட்டும் குடிச்சிடாதீங்க, மகா மோசம்."

முடிந்த பிறகுதான் எல்லோரும் சிரித்தார்கள். என்னை அவசரப்படுத்தாத ஆட்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அங்கே கற்றதைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். விழுங்கும்போது தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளுங்கள், புரை ஏறாது. வெறும் தண்ணீர்தான் எதிரி, கெட்டிக் கஞ்சி நண்பன். சளி உறிஞ்சும் மெஷினைப் புதிதாக வாங்க ஓடாதீர்கள், கேளுங்கள். எங்கள் மெஷின்கள் யாருக்கும் சொந்தமில்லை. ஒருவர் போனதும் அவர் வீட்டார் துடைத்துச் சுத்தம் செய்து அடுத்தவருக்குத் தருவார்கள். டீச்சரின் கணவர் வைத்திருந்தது இப்போது பாஸ்கரிடம் இருக்கிறது. ஊரப்பாக்கத்தில் கரன்ட் போனால் நாங்கள் எல்லோரும் போன் போடுவோம், இன்வெர்ட்டர் ஓடுகிறதா என்று.

என் வாக்கியத்தையும் அங்கேதான் பழகினேன். எங்கே மூச்சு எடுப்பது, எங்கே நிறுத்துவது என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தார்.

"அண்ணா, பழிவாங்கறதுக்கு சர்ச் ஹால்ல ப்ராக்டிஸ் பண்றோம். ஆண்டவர் என்னைத்தான் கேள்வி கேப்பார்" என்றார். அப்படியும், "'குடிக்கல'ல அழுத்தம் பத்தல, மறுபடி சொல்லுங்க" என்றார்.

பாஸ்கர் கண்ணாலேயே தகட்டைக் கேட்டார். "நானும் வரேன். அந்த ஆள் மூஞ்சிய பாக்கணும்."

முடிச்சூர் சங்கத்தின் பொதுக்கூட்டம் ஒரு ஞாயிறு. நாங்கள் வேனில் போய் இறங்கினோம். கேட்டில் புது வாட்ச்மேன் பாஸ்கரின் நாற்காலியைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் திறந்துவிட்டான். பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதே கொடிக்கம்பம்.

"ஏகாம்பரமா? என்னய்யா இப்படி இளைச்சுட்ட?" செக்ரட்டரி எழுந்து வந்தார். "புரியுது. உடம்பு சரியில்ல, உதவி வேணும், அவ்ளோதானே? மீட்டிங்ல பேசி ஏதாவது செய்யறோம்."

"அவர் பேச வந்திருக்கார் சார். முடிக்க விடுங்க" என்றார் டீச்சர்.

மைக்கை வாங்கினேன். அது எனக்குத் தெரிந்த இடம்தான், ரயில் பெட்டி மாதிரி. இரைச்சல் அடங்கட்டும் என்று நின்றேன். "நான்" என்றேன். மூச்சு எடுத்தேன். "குடி..." என்றேன்.

அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு வந்துவிட்டது.

மைக்கில் அது பார்க்கிங் முழுக்கக் கேட்டது. தோள் குலுங்குகிறது, எச்சில் வழிகிறது, நிறுத்த முடியவில்லை. பின்வரிசையில் யாரோ, "இன்னும் இந்த ஆள் விடலையா?" என்றார்கள். செக்ரட்டரி தலையில் கை வைத்துக்கொண்டு, "யாராவது கூட்டிட்டுப் போங்களேன், ப்ளீஸ்" என்றார்.

கன்னியம்மா என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். எங்கள் கூட்டத்துச் சட்டத்தை அவள் அன்றைக்கு உடைத்தாள். என் வாக்கியத்தை அவள் முடிக்கவும் இல்லை, தூக்கிப் போட்டுவிட்டுத் தன்னுடையதைச் சொன்னாள்.

"சார், இங்க வாங்க. வந்து இவரு வாய மோந்து பாருங்க."

"அம்மா, என்ன பேசறீங்க?"

"அன்னிக்கு உங்க பேச்ச நம்பி நான் மோந்து பாத்தேன் சார். கட்டினவ மோந்து பாத்தேன். இது நாக்கு நரம்பு செத்துப்போற நோவு. சிரிப்பும் நோவுதான், டாக்டரு சொன்னாங்க. நம்பிக்கை இல்லன்னா வாங்க. உங்கம்மாவ எழுப்பின வாய்தான் சார் இது."

சிரிப்பு மெல்ல அடங்கியது. நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். எனக்கு அது கஷ்டமே இல்லை, தாடை தானாகவே தொங்கும். செக்ரட்டரி சுற்றிப் பார்த்தார். டீச்சர் காத்திருந்தார், பாஸ்கர் காத்திருந்தார். காத்திருப்பதில் எங்களை யாரும் ஜெயிக்க முடியாது. மூன்றாவது மாடி அம்மாதான் கடைசியில், "போங்க சார்" என்றார்.

வந்தார். குனிந்தார். அவருடைய மூக்கு என் உதட்டுக்கு அருகில் வந்தபோது ஒரு சொட்டு எச்சில் அவர் சட்டையில் விழுந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. வருத்தப்படவும் இல்லை.

"இல்ல" என்றார், தரையைப் பார்த்து.

"மைக்குல சொல்லுங்க சார்" என்றாள் கன்னியம்மா.

மைக்கில் சொன்னார். "குடிக்கல. அவர் குடிக்கல."

திரும்பும்போது வேனில் பாஸ்கரின் அக்கா தகட்டைப் பிடித்தார். முடிச்சூர் ரோடு முழுக்க மேடும் பள்ளமும். எழுத்து எழுத்தாக வந்தது. "அண்ணா, உங்க வாக்கியம் இன்னும் முடியல."

அது உண்மை. அதைச் சொல்லும் குரல் இப்போது இன்னும் குறைந்துவிட்டது. ஒரு நாளைக்கு இவ்வளவு வார்த்தைதான் என்று உடம்பு தருகிறது. காலையில் செலவழித்துவிட்டால் மாலைக்கு இல்லை. முன்பு எனக்கு நேரம் என்பது ஸ்டேஷன். சானடோரியத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் ஒரு பெட்டியில் விற்று முடித்து இறங்கியாக வேண்டும். இப்போது ஒரு வாய்க் கஞ்சியே ஒரு ஸ்டேஷன் தூரம். வண்டி நின்று நின்று போகிறது. இறங்க வேண்டிய அவசரம் எனக்கு இல்லை.

போன வாரம் செக்ரட்டரி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம். "நீங்க இதைத்தானே வித்தீங்கன்னு..." என்று இழுத்தார். இப்போது 'நீங்க' என்கிறார். கன்னியம்மா ஒரு பழத்தை எடுத்து அவர் எதிரிலேயே கடித்தாள்.

"நல்லா கீது சார். இவருக்குத்தான் தொண்டைல எறங்காது."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "என்னால தூங்க முடியல ஏகாம்பரம். எங்கம்மா கூட என்னோட பேசறதில்ல. மன்னிச்சுட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

நல்ல மனிதர் என்றுதான் முடிச்சூரில் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் எச்சிலை விழுங்கினேன். மூச்சு எடுத்தேன்.

"நான்" என்றேன்.

அவர் முன்னால் சாய்ந்தார். "மன்னிச்சுட்டேன்னு சொல்றாரா?" என்று கன்னியம்மாவைப் பார்த்தார்.

"குறுக்கப் பேசாதீங்க சார். எங்க கூட்டத்துல ஒரு ரூல் கீது. அவரு முடிக்கிற வரிக்கும் யாரும் முடிச்சு வைக்கக் கூடாது. நீங்க குந்துங்க, நான் அடுப்பப் பாத்துட்டு வரேன்."

அவள் உள்ளே போனாள். அவர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு என்னிடம் இன்னும் நிறைய வார்த்தை மிச்சம் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, இரைச்சல் அடங்குவதற்காகக் காத்திருந்தேன்.